கத்தி வைக்கும் முன்

1887ஆம் வருடம் ஜூன் 9. லண்டன் குயின் ஸ்கொயரில் உள்ள நரம்பு நோய் மருத்துவமனையின் அறுவை மேசையில் 42 வயது ராணுவ கேப்டன் ஒருவர் கிடத்தப்பட்டிருந்தார். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வருடக்கணக்காக வலி. கடைசியில் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர், உடம்பில் உணர்ச்சி எந்த மட்டத்தோடு நின்றுபோகிறது, வலி எந்தக் கோட்டில் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, தண்டுவடத்தை ஏதோ ஒன்று அழுத்துகிறது, அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று கணித்திருந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 8 வருடங்கள் பாக்கி. விக்டர் ஹார்ஸ்லி முதுகைத் திறந்தார். சொன்ன இடத்தில் கட்டி இல்லை. அதோடு மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஹார்ஸ்லி மேலே இன்னும் கொஞ்சம் எலும்பை எடுத்துவிட்டுப் பார்த்தார். பாதாம்பருப்பு அளவில் அங்கே உட்கார்ந்திருந்தது. கேப்டன் மறுபடி நடந்தார், வேலைக்கும் போனார்.

அன்று அந்த அறையில் இருந்த ஒரே கேள்வி ‘எங்கே?’ என்பதுதான். அதற்குச் சரியான பதில் கிடைக்க அடுத்த நூறு வருடங்கள் ஆயின. 1919இல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர்வெளியில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்க வழி சொன்னார். 1921இல் பிரான்சில் சிக்கார், ஃபொரெஸ்தியே இருவரும் அயோடின் கலந்த கசகசா எண்ணெயை உள்ளே விட்டு, அது எங்கே தடைபட்டு நிற்கிறது என்று பார்த்தார்கள். 1971இல் சி.டி. ஸ்கேன் வந்தது, அதன் பின் எம்.ஆர்.ஐ. 1980களின் கடைசியில் காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசியும் சேர்ந்துகொண்டதும் ‘எங்கே?’ என்ற கேள்வி ஏறக்குறைய தீர்ந்தே போயிற்று. இன்று எம்.ஆர்.ஐ. மேசையில் படுத்து எழுந்தால் போதும், கட்டி எந்த முள்ளெலும்பின் மட்டத்தில், தண்டுவடத்தின் எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் என்று அறிக்கை வந்துவிடும்.

மிச்சமிருப்பது ‘என்ன?’ என்ற கேள்வி. அதற்கான பதிலை இன்றும் மைக்ராஸ்கோப்தான் சொல்கிறது. மைக்ராஸ்கோப்புக்குத் திசு வேண்டும். திசுவுக்குக் கத்தி வைக்க வேண்டும்.

தண்டுவடத்தில் கத்தி வைப்பது எப்படிப்பட்ட விஷயம் என்பதற்கு அதன் அளவே சாட்சி. பெரியவர்களுக்கு நீளம் சுமார் 45 சென்டிமீட்டர். தடிமன் சுண்டுவிரல் அளவு. மூளையிலிருந்து கைக்கும் காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற எல்லாக் கட்டளைகளும், தோலிலிருந்து மூளைக்குத் திரும்புகிற எல்லாச் செய்திகளும் இந்தச் சின்னக் கயிற்றுக்குள்தான். மூளையில் ஊசி விட்டுக் கொஞ்சம் திசு எடுப்பது ஆபத்தில்லாத காரியம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தாங்கிக்கொள்ளும் இடங்கள் அங்கே உண்டு. தண்டுவடத்தில் சில மில்லிமீட்டர் பிசகினால் ஒரு கால் போகலாம், சிறுநீரை அடக்கும் திறன் போகலாம்.

தண்டுவடத்தைச் சுற்றித் தடித்த உறை ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் இந்தப் பகுதிக் கட்டிகளை அந்த உறையை வைத்தே மூன்றாகப் பிரிப்பார்கள். உறைக்கு வெளியே, எலும்பில் வருபவை முதல் வகை. பெரும்பாலும் மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் என்று வேறெங்கோ தொடங்கிய புற்றுநோய் பரவி வந்தவை. உறைக்கு உள்ளே, ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே இருப்பவை இரண்டாம் வகை. ஷ்வானோமா, மெனிஞ்சியோமா என்ற இரண்டும்தான் இங்கே முக்கியம். தண்டுவடத்துக்குள்ளேயே முளைப்பவை மூன்றாம் வகை. பெரியவர்களிடம் அதிகம் எபென்டிமோமா, குழந்தைகளிடம் அதிகம் ஆஸ்ட்ரோசைட்டோமா. ரத்தக்குழாய்களால் ஆன ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா அடுத்தபடியாக வரும்.

பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, எப்படியும் எடுக்கத்தானே போகிறார்கள் என்று தோன்றும். மெனிஞ்சியோமா உறையிலிருந்தே கிளம்புவது. எடுக்கும்போது அது ஒட்டியிருக்கும் உறைப் பகுதியை என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். ஷ்வானோமா நரம்பு வேரிலிருந்து கிளம்பி, சில சமயம் எலும்புகளுக்கிடையே உள்ள துவாரம் வழியாக வெளியே பிதுங்கி உடுக்கை வடிவில் நிற்கும்; முதுகை எந்தப் பக்கம், எவ்வளவு அகலமாகத் திறப்பது என்பதே அதனால் மாறும். தண்டுவடத்துக்குள் வருகிறவற்றில் வித்தியாசம் இன்னும் கடுமை. எபென்டிமோமாவுக்கும் நல்ல திசுவுக்கும் நடுவில் பெரும்பாலும் ஓர் எல்லை இருக்கும். பொறுமையான கை அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டே போய் முழுக்கட்டியையும் வெளியே எடுத்துவிடும். ஆஸ்ட்ரோசைட்டோமா நல்ல நரம்பிழைகளுக்கு நடுவே ஊடுருவிப் பரவுவது. அங்கே எல்லையைத் தேடிப் போனால் நோயாளியின் காலைத்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கட்டி மாதிரியே தெரிகிற, ஆனால் கட்டியே இல்லாத நோய்கள் இருக்கின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஒன்று. நியூரோமைலிடிஸ் ஆப்டிகா இன்னொன்று. இரண்டிலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்பு மண்டலத்தையே தாக்குகிறது. தண்டுவடம் வீங்குகிறது, ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிகிறது, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டால் ஒளிர்கிறது. இதற்கு மருந்து ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றம் போன்றவை. கட்டி என்று நினைத்து முதுகைத் திறந்தால் லாபம் ஒன்றும் இல்லை, நஷ்டம் நிச்சயம். நியூரோமைலிடிஸ் ஆப்டிகாவுக்கு 2004இல் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு வழி பிறந்தது. அதை மேயோ கிளினிக் குழு வெளியிட்டது. ஆனால் எல்லா நோயாளியின் ரத்தத்திலும் அந்த எதிர்ப்புப்பொருள் அகப்படுவதில்லை.

ஆக, கத்தி வைக்கும் முன்பே பெயர் தெரிய வேண்டும். கையில் இருப்பதோ படம் மட்டும்.

ரேடியாலஜி மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. பல வருட அனுபவத்தில் அடையாளங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கான்ட்ராஸ்ட் படத்தில் கட்டியிலிருந்து உறையோடு ஒட்டி வால் போல ஒரு கோடு நீண்டால் மெனிஞ்சியோமாவாக இருக்கலாம். டி2 என்ற வகைப் படத்தில் பளிச்சென்ற வெள்ளை, நடுநடுவே நீர்ப்பொதி என்றால் ஷ்வானோமா. தண்டுவடத்தின் நட்டநடுவே இருந்து, மேலும் கீழும் பழைய ரத்தக்கசிவின் கறுப்புத் தொப்பி தெரிந்தால் எபென்டிமோமா. ஒருபக்கமாக ஒதுங்கி, ஓரம் மங்கலாக இருந்தால் ஆஸ்ட்ரோசைட்டோமா. ஒவ்வொன்றின் முன்னும் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்தான் இந்தத் துறையின் தலைவலி.

நல்ல அரிசி வியாபாரி ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பி, இது பழசு, இது புதுசு, இதில் வேறு ரகம் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பாதிக்குத்தான் காரணம் சொல்வார். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட்டின் கண்ணும் அப்படித்தான். சொல்ல முடியாத அந்த மறுபாதியை எண்ணாக மாற்ற முடியுமா என்பதே இயந்திரக் கற்றல் இங்கே எடுத்துக்கொண்ட வேலை.

இதற்கான முதல் கருவி மருத்துவத்திலிருந்து வரவில்லை, பாறையிலிருந்து வந்தது. 1973இல் ராபர்ட் ஹாராலிக்கும் சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐந்து வகை மணற்கற்களின் மைக்ராஸ்கோப் படங்கள், விமானத்திலிருந்து எடுத்த நிலப் படங்கள், செயற்கைக்கோள் படங்கள் இவற்றைக் கணினி பிரித்தறிய வேண்டும். அவர்கள் செய்தது ரொம்ப எளிமையான காரியம். படத்தில் ஒரு புள்ளியை எடு. அதன் வலப்பக்கப் புள்ளியைப் பார். முதல் புள்ளி கறுப்பு, பக்கத்துப் புள்ளி வெள்ளை என்ற ஜோடி மொத்தப் படத்தில் எத்தனை தடவை வருகிறது? கறுப்பும் கறுப்பும் எத்தனை? சாம்பலும் வெள்ளையும்? இப்படி எல்லா ஜோடிகளையும் எண்ணி ஓர் அட்டவணை போட்டால், அந்தப் பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா, திட்டுத்திட்டாக இருக்கிறதா என்பது எண்களில் வந்துவிடுகிறது. மணற்கல் படங்களில் 89 சதவீதம் சரியாகப் பிரித்தது அவர்கள் கணினி.

கட்டிக்கும் அதே கணக்குதான். மெனிஞ்சியோமா பெரும்பாலும் ஒரே சீரான சாம்பல். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுபோலவே இருக்கும். நீர்ப்பொதி விழுந்த ஷ்வானோமாவில் வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு அடிக்கடி வரும். இந்த அட்டவணையிலிருந்து மட்டுமே பத்திருபது எண்கள். கட்டியின் வடிவம், ஓரம், வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வு என்று சேர்த்துக்கொண்டே போனால் ஒரு நோயாளிக்கு நூற்றுக்கணக்கில் எண்கள். 2012இல் நெதர்லாந்தின் ஃபிலிப் லாம்பின் குழு இந்த முறையை ‘ரேடியோமிக்ஸ்’ என்ற பெயரில் முன்வைத்த பிறகு கட்டுரைகள் குவிய ஆரம்பித்தன. எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. தண்டுவடக் கட்டிகள் அபூர்வமானவை; ஒரு பெரிய மருத்துவமனை பல வருடங்கள் சேர்த்தாலும் நூறு பேர் தேறுவது கஷ்டம். நூறு பேர், ஆயிரம் எண்கள் என்ற நிலையில் ஏதோ சில எண்கள் தற்செயலாகவே இரண்டு கட்டிகளையும் அழகாகப் பிரித்துக் காட்டிவிடும். அடுத்த ஊர் நோயாளியிடம் அதே எண்கள் வேலை செய்யாது.

இரண்டாவது கருவி வேறு விதம். என்ன எண்ண வேண்டும் என்று மனிதர் சொல்லித்தருவதே இல்லை. படத்தின் மேல் மூன்றுக்கு மூன்று கட்டம் ஒன்று நகர்கிறது. கட்டத்தில் ஒன்பது எடைகள். அடியில் உள்ள ஒன்பது புள்ளிகளை அவற்றால் பெருக்கிக் கூட்டுகிறது. ஆரம்பத்தில் எடைகள் குருட்டாம்போக்கில் வைத்தவை. படத்தைக் காட்டு, பதிலைக் கேள், தப்பென்றால் எடைகளைத் தப்பு குறையும் திசையில் கொஞ்சம் அசை. இப்படிப் பல ஆயிரம் தடவை. முதல் அடுக்குக் கட்டங்கள் ஓரங்களையும் கோடுகளையும் பிடிக்கக் கற்றுக்கொள்கின்றன, அவற்றின் விடைகளை வாங்கும் அடுத்த அடுக்குகள் வடிவங்களை. ஆழ் கற்றல் என்று சொல்லப்படுவது இதுதான்.

மருத்துவப் படங்களில் இந்த வழியை நிலைநாட்டியது 2015இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் உருவான யூ-நெட். ஒரு படத்தை ‘இது இன்னது’ என்று மொத்தமாகச் சொல்வதற்குப் பதில், ஒவ்வொரு புள்ளியும் எதைச் சேர்ந்தது என்று கோடு பிரித்துக் காட்டும் வலை அது. குறைந்த படங்களிலேயே கற்றுக்கொள்ளும் என்பது அதன் பெருமை. அதை நிரூபிக்க அவர்கள் பயன்படுத்திய முதல் தொகுப்பில் இருந்தவை 30 படங்கள்தான். எதன் படங்கள் தெரியுமா? பழ ஈயின் புழுப் பருவத்து நரம்புத் தண்டின் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்கள். மனிதத் தண்டுவடத்தில் கட்டி தேடும் இன்றைய நிரல்கள் பலவற்றுக்கும் பாட்டி ஒரு பூச்சியின் தண்டுவடத்தில் பாடம் படித்தவள்.

இதை மனிதரிடம் கொண்டு வரும்போது புதிய தொல்லைகள். நோயாளி படுத்திருக்கிறார், ஆனால் அவர் தண்டுவடம் சும்மா இருப்பதில்லை. பக்கத்திலேயே இதயம் துடிக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, அவர் எச்சில் விழுங்குகிறார், சுற்றியுள்ள நீர் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அலைகிறது. பக்கவாட்டுப் படங்களை 3 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வெட்டி எடுத்தால், 12 மில்லிமீட்டர் அகலத் தண்டுவடத்துக்கு நாலே நாலு படங்கள். அந்த நாலிலும் சட்டத்தின் பெரும்பகுதி முதுகுத் தசையும் கொழுப்பும் எலும்பும்தான். கட்டி என்பது ஒரு மூலையில் சில நூறு புள்ளிகள். எல்லாப் புள்ளியையும் ‘கட்டி இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் இயந்திரமும் 99 சதவீதம் சரியாக இருக்கும்!

2021இல் மான்ட்ரியலில் ஜூலியன் கோஹன்-அடாட் ஆய்வகத்திலிருந்து வந்த வேலை இதைச் சாமர்த்தியமாகச் சமாளித்தது. 343 நோயாளிகளின் படங்கள். ஆஸ்ட்ரோசைட்டோமா, எபென்டிமோமா, ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா மூன்றும் உண்டு. முதல் வலையின் வேலை தண்டுவடத்தை மட்டும் கண்டுபிடித்து அதைச் சுற்றி ஒரு பெட்டி போடுவது. பெட்டிக்கு வெளியே உள்ளதையெல்லாம் வெட்டி எறிந்த பிறகு, இரண்டாவது வலை கட்டி எது, வீக்கம் எது, நீர்க்குழி எது என்று பிரிக்கிறது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ‘கோளாறான பகுதி’ என்று வரைந்ததில் டைஸ் மதிப்பெண் 76.7. கட்டியை மட்டும் தனியாக வரையச் சொன்னால் 61.8.

டைஸ் மதிப்பெண் என்பது இரண்டு வரைபடங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கான அளவு. இயந்திரம் ஒரு எல்லை வரைகிறது, மருத்துவர் ஒரு எல்லை வரைகிறார். இரண்டும் அச்சாகப் பொருந்தினால் 100, தொடவே இல்லையென்றால் 0. 1945இல் லீ டைஸ் என்ற சூழலியலாளர் இரண்டு உயிரினங்கள் ஒரே இடத்தில் எவ்வளவு அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன என்று அளக்க இதை முன்வைத்தார். 61.8 என்பதைக் கேட்டு உதட்டைப் பிதுக்க வேண்டாம். கட்டியும் வீக்கமும் ஒன்றோடொன்று கரையும் இடத்தில் எல்லை எங்கே என்று இரண்டு மருத்துவர்களைக் கேட்டாலும் இரண்டு கோடுகள்தான் வரும்.

எல்லை போடுவது ஒரு வேலை, பெயர் சொல்வது இன்னொரு வேலை. பெயர் சொல்வதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஜப்பானின் சிபா பல்கலைக்கழகக் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு. அறுவை சிகிச்சை முடிந்து பெயர் உறுதியான 84 பேர். அதில் 50 ஷ்வானோமா, 34 மெனிஞ்சியோமா. டி2 படத்தை மட்டும் வைத்து இயந்திரம் 80 சதவீதம் சரியாகச் சொன்னது. இரண்டு ரேடியாலஜி மருத்துவர்கள் 69, 73 சதவீதம். கான்ட்ராஸ்ட் படத்தைக் கொடுத்தபோது இரு தரப்பும் கிட்டத்தட்ட சமமாகிவிட்டார்கள்.

மருத்துவரை இயந்திரம் ஜெயித்துவிட்டது என்று தலைப்புப் போட இது போதும். கொஞ்சம் நிதானித்துப் பார்க்கலாம். 84 பேரில் 50 பேருக்கு ஷ்வானோமா என்றால், படத்தையே பார்க்காமல் எல்லோருக்கும் ஷ்வானோமா என்று எழுதிக்கொடுத்தாலும் 60 சதவீதம் சரியாக இருக்கும். 80 என்ற எண்ணை பூஜ்யத்திலிருந்து அளக்கக் கூடாது, 60இலிருந்து அளக்க வேண்டும். அப்படி அளந்தாலும் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நிஜ வாழ்க்கையில் எந்த ரேடியாலஜிஸ்ட்டும் டி2 படம் ஒன்றை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வதில்லை. எல்லா வகைப் படங்களையும், நோயாளியின் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே பார்ப்பார். மெனிஞ்சியோமா பெண்களிடம் அதிகம், அதுவும் மார்பு மட்டத்தில் அதிகம். இத்தனையையும் மறைத்துவிட்டு நடத்தும் போட்டி, ஒரு கையைக் கட்டிவிட்டு நடத்தும் போட்டி.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2022இல் வந்த இன்னொரு ஆய்வு. பெய்ஜிங்கின் தியான்தான் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் முன்னின்று செய்தது. 490 பேர்: ஆஸ்ட்ரோசைட்டோமா 118, எபென்டிமோமா 130, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் 101, நியூரோமைலிடிஸ் ஆப்டிகா 141. இயந்திரத்திடம் படிப்படியாகக் கேள்வி கேட்டார்கள். இது கட்டியா, கட்டி இல்லாத அழற்சியா? 96 சதவீதம் சரி. கட்டி என்றால் ஆஸ்ட்ரோசைட்டோமாவா எபென்டிமோமாவா? 82. அழற்சி என்றால் இரண்டில் எது? 79. மருத்துவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கேதான் இயந்திரமும் தடுமாறுகிறது. எனக்கு இது ஆறுதலாகவே இருக்கிறது. படத்தில் இல்லாத தகவலை எந்த நிரலும் கறந்துவிட முடியாது. முதல் கேள்விக்குக் கிடைத்த 96தான் நடைமுறையில் விலைமதிப்புள்ளது. கத்தியை எடுப்பதா வேண்டாமா என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அந்த 96ஐயும் வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஆய்வில் கட்டியும் அழற்சியும் ஏறக்குறைய சரிபாதி: 248க்கு 242. மருத்துவமனை வாசலில் அப்படி வருவதில்லை. தண்டுவடத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது என்று வரும் 1000 பேரில் 50 பேருக்குத்தான் கட்டி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 96 சதவீதம் சரியாகச் சொல்லும் இயந்திரம் அந்த 50இல் 48ஐப் பிடித்துவிடும். மிச்சம் 950 பேரில் 38 பேரையும் கட்டி என்று சொல்லும். ஆக, கட்டி என்று பெயர் வாங்கிய 86 பேரில் 38 பேருக்குக் கட்டியே இல்லை. இயந்திரத்தில் ஒரு திருகுகூட மாறவில்லை. மாறியது வரிசையில் நின்றவர்களின் கலவை.

இதைவிட ஆழமான ஒரு முடிச்சும் இருக்கிறது. இயந்திரத்துக்குப் பெயர் கற்றுத்தருவது யார்? ‘இது எபென்டிமோமா’ என்ற விடையை மைக்ராஸ்கோப்தான் கொடுத்தது. மைக்ராஸ்கோப்புக்குப் போனது அறுவை செய்து எடுத்த திசு. அப்படியானால் பாடப்புத்தகத்தில் இருக்கும் கட்டிகள் எல்லாம், யாரோ ஒரு மருத்துவர் ஏற்கெனவே கத்தி வைக்கலாம் என்று துணிந்தவை. ‘வேண்டாம், ஆறு மாதம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்’ என்று தயங்கி நின்ற நோயாளிகளுக்கு விடை இல்லை. விடை இல்லாததால் பாடத்தில் இடமும் இல்லை. இயந்திரம் உண்மையில் தேவைப்படுவது அந்தத் தயக்கத்தின் முன்னால்தான். தயங்க வைத்த படங்களையோ அது அதிகம் பார்த்ததே இல்லை. கத்திக்கு முன்னால் உதவ வேண்டிய இயந்திரம் கத்திக்குப் பின்னால் கிடைத்தவற்றை மட்டும் படித்து வளர்கிறது.

விடைத்தாளும் நிலையானதல்ல. மூளை, தண்டுவடக் கட்டிகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 2021இல் மறுபடி திருத்தப்பட்டது. மரபணு மாற்றங்களையும் பார்த்தே பெயர் வைக்க வேண்டும் என்றாயிற்று. எபென்டிமோமாவிலேயே வேகமாகப் பரவும் ஒரு தனி ரகம் பிரிந்தது. பழைய பெயர்களில் தேர்ச்சி பெற்ற நிரல்கள் பாவம்.

இயந்திரம் சரியான விடையைத் தப்பான காரணத்துக்காகச் சொல்லவும் கூடும். நிமோனியா விஷயத்தில் 2018இல் இது அம்பலமானது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் உள்பட மூன்று இடங்களின் மார்பு எக்ஸ்ரேக்களில் பழக்கிய வலை, எந்தப் படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்று ஏறக்குறைய தப்பே இல்லாமல் கண்டுபிடித்தது. மவுண்ட் சினாய் படங்களில் 34 சதவீதம் நிமோனியா, மற்ற இடங்களில் 1 சதவீதம் அளவுதான். மருத்துவமனையைக் கண்டுபிடித்தாலே பாதி மதிப்பெண் வந்துவிடுகிறது. நுரையீரலை எதற்குப் பார்க்க வேண்டும்? தண்டுவடத்திலும் இதே குழி இருக்கிறது. அறுவைக்குப் போகிறவர்களுக்கு ஒரு முறையில் ஸ்கேன், நரம்பியல் பிரிவுக்குப் போகிறவர்களுக்கு வேறு முறையில் என்றால் இயந்திரம் முறையைப் படிக்கும், நோயைப் படிக்காது. இயந்திரம் எங்கே பார்த்தது என்று சிவப்பு நிறத்தில் காட்டும் வெப்பப் படங்கள் வந்திருக்கின்றன. கட்டியின் மேல் சிவப்பு விழுந்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். கட்டியில் எதைப் பார்த்தது என்பதை அது சொல்வதில்லை.

கடைசியாக, இயந்திரம் எழுதிக்காட்டும் சதவீதம். இரண்டு பெயர்கள் கற்ற வலை, எந்தப் படத்தைக் காட்டினாலும் 100ஐ அந்த இரண்டு பெயர்களுக்குள் பங்கு போட்டாக வேண்டும். அதன் கடைசி அடுக்கின் கணக்கே அப்படி அமைக்கப்பட்டது. மூன்றாவதாக ஒரு நோயைக் காட்டினால் ‘தெரியாது’ என்று சொல்ல அதற்கு வாயில்லை. 93க்கு 7 என்று தெம்பாகப் பிரித்துக் கொடுக்கும்.

இந்தியாவில் அந்த மூன்றாவது நோய் எது என்று யோசிக்கவே வேண்டாம். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இங்கே இருக்கிறார். முதுகெலும்பு டி.பி. வழக்கமாக இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டையும் சேர்த்து அரிக்கும்; பரவி வந்த புற்றுநோய் பெரும்பாலும் வட்டை விட்டுவிட்டு எலும்பை மட்டும் தின்னும். ஸ்கேன் பார்க்கும் பயிற்சி மருத்துவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் வித்தியாசம் இது. ஆனால் ஒரே ஒரு முள்ளெலும்பையோ அதன் பின்வளைவையோ பிடித்துக்கொண்டு வட்டைத் தொடாத டி.பி.யும் உண்டு. அது அச்சு அசல் புற்றுநோய் மாதிரியே இருக்கும். தண்டுவடத்துக்குள்ளேயேகூட டி.பி. முடிச்சு வரும், ஆஸ்ட்ரோசைட்டோமாவுக்குப் பக்கத்து வீடு மாதிரி. பெயர் மாறினால் வைத்தியமே தலைகீழ்: முதுகெலும்பு டி.பி.யில் பலருக்கும் பெரிய அறுவை இல்லாமல், படுக்கையில் கிடக்காமல், 6 அல்லது 9 மாத மருந்திலேயே குணமாகும் என்று காட்டிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடந்ததுதான்.

எலும்பில் இருக்கும் சந்தேகத்தை ஊசியால் தீர்த்துவிடலாம். சி.டி. பார்த்துக்கொண்டே முள்ளெலும்புக்குள் ஊசி விட்டுத் திசு எடுத்து, ஒரு பகுதியை மைக்ராஸ்கோப்புக்கும் ஒரு பகுதியை ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிக்கும் அனுப்பினால், டி.பி. கிருமியின் மரபணு இருக்கிறதா என்பது இரண்டு மணி நேரத்தில் தெரியும். அந்த வசதி உள்ள இடத்தில் இயந்திரத்தின் யூகத்துக்கு வேலை குறைவு. தண்டுவடத்துக்குள் இருக்கும் முடிச்சுக்கு அந்த வழி கிடையாது. அதைப் பிரித்துச் சொல்லும் நிரலுக்கு ஆஸ்ட்ரோசைட்டோமா, எபென்டிமோமா, இரண்டு அழற்சிகள் இவற்றோடு டி.பி. முடிச்சையும் காட்டிப் பழக்கியாக வேண்டும். ஒரே மருத்துவமனையில் அதற்குத் தேவையான படங்கள் சேராது. பல ஊர்களின் ஸ்கேன்கள், பல கம்பெனி இயந்திரங்களில் எடுத்தவை, மருந்து கொடுத்து முடிச்சு கரைந்ததா இல்லையா என்று மாதக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதிய குறிப்புகளோடு வேண்டும். கத்தி இல்லாமல் பெயரை உறுதி செய்யும் வழி அங்கே மருந்துதான்: டி.பி. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் எடுக்கும் அடுத்த ஸ்கேனில் முடிச்சு சுருங்கியிருந்தால், அது பெரும்பாலும் டி.பி.